வெடிக்கு அஞ்சாத பிள்ளையின் அட்டை

முப்பத்தோரு வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான்.

போன மாதம் எங்கள் மையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். கையில் ஒரு கட்டு அட்டை, இன்னொரு கையில் போன்.

"டீச்சர், ஒரு பிள்ளைக்கு நாப்பது வரி. இருபத்திரண்டு பிள்ளை. மாசக் கடைசிக்குள்ள ஏத்தணுமாம். நீங்க எப்படி முடிச்சீக? உங்க அட்டையெல்லாம் அம்புட்டுச் சுத்தமா இருக்கும்னு செக்டார் மீட்டிங்ல இன்னும் சொல்றாக."

காபி கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை. அந்தச் சுத்தமான அட்டைகளில் ஒன்றைப் பற்றி அவளுக்குச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற மற்றவர்களும் படிக்கலாம்.

1. ஒன்பதாவது வரி

நான் வேலையில் சேர்ந்தபோது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எங்களிடம் இருந்த அளவுகோல் ரொம்ப எளிது. ஒன்று முதல் இருபது வரை சொல்ல வேண்டும். பத்துக் குழந்தைப் பாட்டாவது தெரிய வேண்டும். கண் எங்கே, மூக்கு எங்கே என்றால் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியாக 'ஒழுக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். சத்தம் போடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் 'மிக நன்று' போடுவேன்.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். ஒரே அறை. ஒரு பக்கம் எடை மெஷின், ஒரு பக்கம் சத்துமாவு மூட்டை. கர்ப்பிணிப் பெண்கள் பதிவுக்கு வந்து நிற்பார்கள். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் எங்கள் தலையில்தான். அந்த நெரிசலில் சத்தம் போடாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அந்தப் பிள்ளை ஏன் சத்தம் போடவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம்தான் புது அட்டை வந்தது. 'பள்ளி ஆயத்தநிலை' என்று பெயர். வெம்பக்கோட்டையில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண் என் மகளைவிடச் சின்னவள்.

"இனிமே பிள்ளைக்கு என்ன தெரியும்னு கேள்வி கேட்டு மார்க் போடப் போறதில்ல டீச்சர். விளையாட விட்டுட்டு, பிள்ளை என்ன செய்யுதுன்னு கவனிச்சு எழுதப் போறோம்" என்றாள்.

நாற்பது வரிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் செய்கிறதா, வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறதா, விட்டுக்கொடுத்து விளையாடுகிறதா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாவது வரி இது: 'குழந்தையின் பின்னால் நின்று, முகம் காட்டாமல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?'

நான் எழுந்தேன். எனக்கு அப்போதே ரொம்ப வருஷம் சர்வீஸ் ஆகியிருந்தது, வாயும் அதற்கேற்ற மாதிரி இருந்தது.

"மேடம், இது கைப்பிள்ளைக்குப் பாக்குறது. நாலு வயசுப் பிள்ளை பின்னால போயி ஒளிஞ்சு நின்னு கூப்பிடச் சொல்றீகளே! எங்க பிள்ளைக, அடுப்பங்கரையில மெதுவா முட்டைன்னு சொன்னாலே தெருக்கோடியில இருந்து ஓடி வரும்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு, "சரிங்க டீச்சர். இருந்தாலும் பாத்துட்டு எழுதுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிசம்கூட ஆகாது" என்றாள்.

மதியச் சாப்பாட்டின்போது நாலு பேர் என்னிடம் வந்து, "நல்லாக் கேட்டீக" என்றார்கள். அன்று அந்தச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

2. வீராயி

அந்த வருஷம்தான் மாரீஸ்வரி எங்கள் மையத்தில் சேர்ந்தாள். மூன்றரை வயது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. அம்மா காளீஸ்வரி பட்டாசு கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதற்கு முன்னால் பிள்ளையை எங்கள் மையத்து உதவியாளர் சண்முகத்தாய் அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஓடுவாள். திரும்பி வரச் சாயங்காலம் ஆறு ஆகும்.

பிள்ளை அவ்வளவாகப் பேசாது. பத்துப் பதினைந்து சொல் இருக்கும், அதுவும் மழலை.

"அவ அப்பாவும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாராம் டீச்சர். இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துருக்கேன். அடுத்த ஆடிக்குள்ள பேச்சு வந்துரும்" என்றாள் காளீஸ்வரி.

"வரும் வரும். சில பிள்ளைக லேட்டாத்தான் பேசும்" என்று நானும் சொன்னேன்.

மற்றபடி மாரீஸ்வரியைப் போல ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. அழாது, அடிக்காது, பிடுங்காது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் பாட்டுச் சொன்னால் என் உதட்டைப் பார்த்துத் தானும் உதட்டை அசைக்கும். கை ஆட்டுவதில் அவ்வளவு சுத்தம். மற்றப் பிள்ளைகள் கையைத் தூக்கிய அடுத்த நொடி அவளும் தூக்குவாள். அந்த ஒரு நொடிப் பிந்தலை நான் தினமும் பார்த்தேன். நிதானமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே பொட்டல். அதைத் தாண்டிக் கம்பெனி. சீசன் நெருங்கினால் புது ஐட்டம் எப்படி வெடிக்கிறது என்று அந்தப் பொட்டலில் போட்டுப் பார்ப்பார்கள். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. பகல் பதினோரு மணிக்குத் திடீரென்று ஒன்று வெடிக்கும். பிள்ளைகள் அலறியடித்து என் மடியில் வந்து விழும். சிலது நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடும். மாரீஸ்வரி மட்டும் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். தலையைக்கூடத் தூக்க மாட்டாள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏலே, அங்கன பாருங்கலே! இவதான்லே இந்த மண்ணுல பிறந்தவ. நீங்களும் இருக்கீகளே, டம்முன்னா டவுசர் நனைஞ்சிருது!"

அன்றிலிருந்து அவளுக்கு 'வீராயி' என்று பெயர் வைத்தேன். காளீஸ்வரியிடமும் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கம்பெனியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். போர்மேன்கூட, "வெடிக்குப் பயப்படாத பிள்ளையா, நம்ம பிள்ளைல்ல!" என்றாராம்.

வேறு ஊராக இருந்தால், வெடிச்சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளையை மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். எங்கள் ஊரில் தைரியம் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்தவள் நான்.

3. தட்டு

சண்முகத்தாய் அக்கா எட்டாவது வரை படித்தவர். சமையலும் கூட்டுவதும் அவர் வேலை. நான் பேனா பிடிக்கிறவள், அவர் கரண்டி பிடிக்கிறவர் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஒரு நாள் மதியம் அவர் கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் மொத்தமாகச் சரிந்து சிமெண்ட் தரையில் விழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்தன. மாரீஸ்வரி முதுகைக் காட்டிச் சுவரில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அக்கா தட்டுகளைப் பொறுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "டீச்சர், எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். காலையில எங்க வீட்டுலயும் பாக்கேன். இந்தப் பிள்ளைக்குக் காது கேக்கலையோ?" என்றார்.

"நீங்க எப்ப டாக்டருக்குப் படிச்சீக?" என்றேன்.

அக்கா குனிந்து தட்டுகளை எடுத்தார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் ரிஜிஸ்டருக்குத் திரும்பிக்கொண்டேன்.

ஏன் அப்படிக் கடிந்தேன்? எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு ஓரத்தில் வந்திருந்தது, அதனால்தான். அதற்கு உருவம் கொடுக்க நான் விரும்பவில்லை. அந்த வருஷம் சாத்தூர் ரோட்டில் புதிதாக ஒரு நர்சரி பள்ளி திறந்து ஊருக்குள் வேன் விட்டிருந்தார்கள். எனக்கு ஆறு பிள்ளைகள் குறைந்திருந்தன. 'உம் பிள்ளைக்குக் காது சரியில்ல போல' என்று நான் வாயைத் திறந்தால், 'டீச்சர் எம்பிள்ளைய என்னமா சொல்லிட்டாக' என்று தெருவே பேசும். இன்னும் நாலு பிள்ளை வேனில் ஏறும் என்று பயந்தேன்.

இதைவிட அற்பமான காரணம் ஒன்றும் உண்டு. போனில் அட்டையை ஏற்றும்போது, ஒன்பதாவது வரிக்கு 'ஆம்' என்று தொட்டால் பத்தாவது வரி வரும். 'இல்லை' என்று தொட்டால் வேறு ஒரு பக்கம் திறக்கும். பெற்றோர் கையெழுத்து, பரிந்துரைப் படிவம், டாக்டர் குழுவிடம் கூட்டிப்போன தேதி, போட்டோ என்று அது வால் மாதிரி நீளும். எங்கள் ஊரில் சிக்னல் வேறு சுற்றிக்கொண்டே நிற்கும். மாதக் கடைசி நாள் சாயங்காலம் நான் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்பதாவது வரியை வரிசையாக 'ஆம்' என்று தொட்டேன். ஒரு பிள்ளையின் பின்னாலும் நான் போய் நிற்கவில்லை.

காகித அட்டையில் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு இடம் உண்டு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்குக் கர்வம். மாரீஸ்வரியின் அட்டையில் அந்த இடத்தில் எழுதினேன்: 'அமைதியானவள். கவனம் மிக்கவள். வெடிச்சத்தத்துக்கும் அஞ்சாத தைரியசாலி.'

4. வரிசையில் இரண்டாவது

இரண்டாவது வருஷக் கடைசியில் ஆபீசிலிருந்து மேடம் பார்வையிட வந்தார்கள். புது அட்டைப்படி எந்த மையம் நன்றாகச் செய்கிறது என்று தேர்ந்தெடுக்கிற வேலை. மையத்தில் காகிதத் தோரணம் கட்டி, பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டு உட்கார வைத்திருந்தேன்.

மேடம் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு இரண்டு வேலை சேர்த்துச் சொல்லுவார்கள். "சிவப்புப் பந்தை எடுத்து, ஜன்னல்ல வை." "நாற்காலியச் சுத்தி வந்து, கை தட்டு."

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அன்று பிள்ளைகளை ஜோடி ஜோடியாக அனுப்பினால் கூச்சப்பட மாட்டார்கள் என்று மேடத்திடம் சொன்னது நான். மாரீஸ்வரியை எங்கள் மையத்திலேயே துடிப்பான பையனோடு ஜோடி சேர்த்ததும் நான்தான். அவனை முதலில் நிறுத்தினேன், அவளை இரண்டாவதாக நிறுத்தினேன். அவன் பந்தை எடுப்பான், ஒரு நொடி கழித்து அவளும் எடுப்பாள். அவன் ஜன்னலில் வைப்பான், அவளும் வைப்பாள்.

"அருமை! இந்தப் பொண்ணு எவ்வளவு கவனமா செய்யுது பாருங்க" என்று மேடம் கை தட்டினார்கள். மேடம் தட்டுவதைப் பார்த்து மாரீஸ்வரியும் கை தட்டினாள்.

அவளுக்கு உண்மையிலேயே காது கேட்கிறது என்று நம்பியிருந்தால் அவளை ஏன் இரண்டாவதாக நிறுத்தினேன்? அடுப்புப் பக்கம் நின்றிருந்த சண்முகத்தாய் அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சிறந்த மையம் என்று எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பி மாட்டி, அட்டையைக் கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு வழியனுப்பும் விழாவும் நடத்தினோம். மாரீஸ்வரிக்கு அப்போது ஐந்தரை வயது.

5. லேமினேஷன்

ஒன்றரை வருஷம் கழிந்தது. எனக்கு ஓய்வு பெற நாலைந்து மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலை பத்து மணிக்குக் காளீஸ்வரி மையத்துக்கு வந்தாள். கம்பெனி நாளில் அவளை அந்த நேரத்தில் பார்த்ததே கிடையாது. கையில் ஒரு மஞ்சப்பை.

"வா காளீஸ்வரி, லீவா?" என்றேன்.

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். நான் எழுதிக் கொடுத்த அதே அட்டை. சிவகாசியில் கொடுத்து லேமினேஷன் போட்டிருந்தாள். மேலே ஆணியடித்த ஓட்டை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாளாம்.

"விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தோம் டீச்சர். பள்ளிக்கூடத்துல காது செக்கப்னு வந்தாக. மாரிக்கு ரெண்டு காதும் கேக்கலையாம். பிறந்ததுல இருந்தே இருக்கும்போலன்னாக. பக்கத்துல வந்து கத்துனா லேசாக் கேக்குமாம், அவ்வளவுதான். ஆறு வயசு முடியுறதுக்குள்ள கூட்டியாந்திருந்தா ஆபரேசனுக்கு எழுதியிருப்போம், இவளுக்கு ஏழு ஓடுதே, இனி மெஷின்தான், பேச்சு எம்புட்டு வரும்னு சொல்ல முடியாதுன்னுட்டாக. அங்கன்வாடிக்கு அனுப்பலையா, அங்கன யாரும் பாக்கலையான்னு அந்த டாக்டரம்மா கேட்டாக. பாத்தாகளேன்னு சொல்லி இந்த அட்டையக் காட்டுனேன்."

நான் அட்டையைப் பார்த்தபடியே கேட்டேன்: "டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. வாசிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாக."

பிறகு அவள் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை விடாமல் இருப்பது. ஒன்றாம் வகுப்பு டீச்சர், மாரி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று முதல் மாதமே கூப்பிட்டனுப்பியிருக்கிறார். காளீஸ்வரி இந்த அட்டையைத்தான் காட்டியிருக்கிறாள். எல்லா வரியிலும் 'ஆம்' இருந்தது. 'அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வேணும்னு செய்யுறா' என்று அந்த டீச்சர் முடிவு கட்டிவிட்டார். கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"நானும் திமிருன்னுதான் டீச்சர் நெனச்சேன். கூப்பிட்டா வரமாட்டா. ரெண்டு தடவ கூப்பிடுவேன், மூணு தடவ கூப்பிடுவேன். அப்புறம் அடிச்சிருவேன். கம்பெனியில நின்னுட்டு வந்த அலுப்பு வேற. விளக்கமாத்தால அடிச்சிருக்கேன் டீச்சர். எதுக்கு அடிக்கேன்னே அதுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது இது:

"இங்கன இருந்தப்ப நல்லாத்தான் கேட்டுச்சு காளீஸ்வரி. டாக்டர் சொல்றது எல்லாமா சரியா இருக்கும்? இடையில ஏதும் காய்ச்சல் கீச்சல் வந்துச்சா?"

காளீஸ்வரி யோசித்தாள். அவள் முகம் மெல்ல மாறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வந்துச்சு டீச்சர். போன தீவாளிக்கு முந்தி. சீசன்னு லீவு குடுக்கல. ரெண்டு நாள் மாத்திரையக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன். அதுலதான் போயிருக்குமோ?"

"இருக்கும்" என்றேன்.

அவள் அட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பழியையும் தானே சுமந்துகொண்டு போனாள்.

அடுப்படியிலிருந்து சண்முகத்தாய் அக்கா வந்தார். எத்தனையோ வருஷம் என்னோடு வேலை பார்த்தவர், ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

"செஞ்சது போதாதுன்னு அதையும் அவ தலையில தூக்கி வச்சு அனுப்பிட்டீகளே டீச்சர்" என்றார். அன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

6. எட்டு நாள்

காளீஸ்வரி வீட்டுக்குப் போக எனக்கு எட்டு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மாரி தரையில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும்.

உட்காரச் சொன்னதற்கு நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாவது வரியைப் பார்க்காமல் எழுதியதை, தட்டு விழுந்ததை, இரண்டாவதாக நிறுத்தியதை, காய்ச்சல் என்று நான் எடுத்துக் கொடுத்ததை. அதில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை என்றும் சொன்னேன்.

காளீஸ்வரி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் மாரியின் சடையை எடுத்துத் தடவிக்கொடுத்தாள்.

"அப்ப நான் அடிச்சதெல்லாம்?" என்றாள்.

மாரியின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆபீசில் போய் மேற்பார்வையாளரிடமும் சொன்னேன். "ரிட்டயர்ட் ஆகுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு டீச்சர்? விடுங்க" என்றார்கள். எழுத்தில் கொடுக்கிறேன் என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. பென்ஷன் பயம். அதையும் இங்கே சேர்த்தே எழுதிவிடுகிறேன். எனக்குப் பிரிவு உபசார விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், என் அட்டைகளைப் பற்றிப் புகழ்ந்தார்கள். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மாரிக்கு மெஷின் வந்தது. சாத்தூரில் சனிக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி. காளீஸ்வரிக்குச் சனிக்கிழமை வேலை என்பதால் பஸ்ஸில் நான் கூட்டிப்போகிறேன். இதை யாரும் பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காளீஸ்வரி என்னை மன்னித்துவிட்டாள் என்றும் நான் சொல்லவில்லை. கூட்டிப்போக வேறு ஆள் இல்லை, அதனால் அனுப்புகிறாள்.

மெஷின் மாட்டிய புதிதில் ஒரு நாள் சாயங்காலம் மாரியை வீட்டில் விடப் போயிருந்தேன். காளீஸ்வரி அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பொட்டலில் ஒன்று வெடித்தது. சின்ன வெடிதான், தூரத்துச் சத்தம்தான். மாரி ஒரு துள்ளுத் துள்ளினாள். கையில் இருந்த பிஸ்கட் விழுந்தது. வாய் கோணி, வீறிட்டு அழுதுகொண்டு ஓடிப்போய் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

காளீஸ்வரி அவளை வாரி எடுத்துக்கொண்டாள். சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர்.

"பாருங்க டீச்சர், எம்புட்டுப் பயப்படுறா! நீங்க வீராயின்னீகளே!"

குத்திக்காட்டச் சொல்லவில்லை. மகளுக்குப் பயம் வந்த சந்தோஷத்தில் சொன்னாள். அதனால்தான் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கீழே விழுந்த பிஸ்கட்டை எடுக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

7. கேட்ட கேள்விக்கு

நாற்பது வரியை எப்படி முடித்தீர்கள் என்று கேட்டாயே அம்மா, நான் முடித்த விதம் இதுதான். நீ முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. லேட் என்று மீட்டிங்கில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். நின்றுவிடு. 'இல்லை' என்று தொட்டால் போனில் திறக்கிற அந்த நீளமான பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதே. ஒரு பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி அதற்குள்தான் இருக்கிறது. சமைக்கிற அக்கா ஒன்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

பொட்டலில் இந்த வருஷமும் வெடி போட ஆரம்பித்துவிட்டார்கள். உன் அறையில் எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டு ஓடி வரும். ஓடி வருகிற பிள்ளைகளை அக்கா பார்த்துக்கொள்வார். ஓடி வராமல் புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டு ஒரு பிள்ளை இருந்தால், எழுந்து அதன் முதுகுப் பக்கம் போய் நில். பெயர் சொல்லிக் கூப்பிடு. அது திரும்புகிறதா என்று பார்த்த பிறகு எழுது.